போனிலிருந்து பிரிண்ட்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

போனில் ‘பிரிண்ட்’ என்று தட்டியும் பிரிண்டர் அசையவில்லை என்றால், உடனே மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பிரிண்டரில் இருக்காது. போன் ஒரு நெட்வொர்க்கில் இருக்கும், பிரிண்டர் இன்னொன்றில் இருக்கும். ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாத இடத்தில் இரண்டையும் வைத்துவிட்டு மையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு வகைத் தொல்லை, பிரிண்ட் நன்றாகவே வந்த பிறகு வருவது. உங்கள் ஆதாரும் மார்க் ஷீட்டும் யார் கம்ப்யூட்டரில், யார் போனில் தங்கிப்போயின என்று யாரும் பார்ப்பதில்லை.

இரண்டையும் இன்று சாயங்காலமே சரிசெய்துவிடலாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டிய வேலை இல்லை இது.

செய்ய வேண்டியவை

• பிரிண்டர் வாங்கும் முன் மாடல் எண்ணைக் கடைசி இலக்கம் வரை படியுங்கள். பார்க்க ஒரே உடம்பு, ஒரே மை டேங்க். ஒன்றில் மட்டும் உள்ளே வைஃபை இருக்காது. எப்சன் எல்3210-இல் வைஃபை கிடையாது, எல்3250-இல் உண்டு. கேனான் ஜி2010-இல் கிடையாது, ஜி3010-இல் உண்டு. ஹெச்பி இங்க் டேங்க் 315-க்குக் கேபிள்தான் கதி. 415 வைஃபையில் வேலை செய்யும். “ரெண்டும் ஒண்ணுதான் சார், இது கொஞ்சம் விலை கம்மி” என்று கடையில் சொன்னால், அந்தக் ‘கொஞ்சம்’ எதற்காகக் குறைந்தது என்று கேளுங்கள்.

• ஐபோன் வைத்திருப்பவர்கள் பெட்டியில் ‘ஏர்பிரிண்ட்’ என்ற பெயரையும், ஆண்ட்ராய்டுக்காரர்கள் ‘மோப்ரியா’ என்ற பெயரையும் தேடுங்கள். முதலாவது ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ஏற்பாடு. இரண்டாவது கேனான், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் 2013-இல் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு. பெயர் இருந்தால் தனி ஆப் இல்லாமலே பிரிண்ட் வரும். இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. அந்தக் கம்பெனியின் ஆப் வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

• போன் எந்த வைஃபையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும் போனுக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் பிரிண்டர்கூடத் தெரியாது. பிரிண்டர் எந்த வைஃபையில் இருக்கிறது என்பதைப் பிரிண்டரையே கேட்கலாம்: நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும் வசதி பெரும்பாலான மாடல்களில் உண்டு. எந்தப் பட்டன் என்று மேனுவலில் பார்த்து, ஒரு தாள் எடுத்துப் பிரிண்டருக்கு அடியிலேயே மடித்து வையுங்கள். வைஃபை பெயரும் ஐபி முகவரியும் வேண்டும்போது கைக்கெட்டும்.

• பிரிண்டரை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேருங்கள். வீட்டு உபயோகப் பிரிண்டர்களில் நிறைய மாடல்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பிடிபடாது. ரவுட்டர் இரண்டு பெயர் காட்டினால், கடைசியில் ‘5ஜி’ என்ற வால் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். (அந்த 5ஜிக்கும் சிம் கார்டின் 5ஜிக்கும் சம்பந்தமில்லை.) போன் மற்ற பெயரிலேயே இருந்துகொள்ளலாம், ரவுட்டர் ஒன்றாக இருந்தால் சாதாரணமாக இரண்டும் பேசிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து பிரிண்டர் சேர மறுத்தால், ரவுட்டர் செட்டிங்ஸில் 5-ஐச் சற்று அணைத்துவிட்டு, பிரிண்டரைச் சேர்த்தபின் மறுபடி போடுங்கள்.

• சின்னத் திரைகூட இல்லாத பிரிண்டர் என்றால் டபிள்யூபிஎஸ் பட்டனைப் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டு அடிக்க வேண்டாம். ரவுட்டரில் ஒரு அழுத்து, பிரிண்டரில் ஒரு அழுத்து. இரண்டுக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் முதலிலிருந்து. ரவுட்டர் ஹாலிலும் பிரிண்டர் மாடியிலும் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கள்.

• வீட்டில் பிராட்பேண்டே இல்லையா? ‘வைஃபை டைரக்ட்’டைப் பழகிக்கொள்ளுங்கள். நம்மில் நிறையப் பேருக்கு நெட் என்றால் போன் டேட்டாதான். “ரவுட்டர் இல்லாம வைஃபை பிரிண்டர் எதுக்கு?” என்று வாங்காமல் திரும்பியவர்கள் உண்டு. வைஃபை டைரக்டில் பிரிண்டரே ஒரு சின்ன வைஃபையைக் கிளப்பும். போனின் வைஃபை பட்டியலில் ‘டைரக்ட்’ என்று தொடங்கி மாடல் பெயரோடு ஒன்று தெரியும். அதில் சேர்ந்து பிரிண்ட் கொடுக்க வேண்டியதுதான்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் இடறுவார்கள். சேர்ந்தவுடன் போன், “இதில் இன்டர்நெட் இல்லை, தொடரவா?” என்று கேட்கும். பயந்துபோய் ‘வேண்டாம்’ தட்டினால் தொடர்பு அறுந்துவிடும், தொடரச் சொல்லுங்கள். இரண்டாவது, அந்த நேரத்தில் போனுக்கு நெட் வராமல் போகலாம். எனவே மெயிலில், டிரைவில் இருக்கும் ஃபைலை முதலில் டவுன்லோடு செய்துகொண்டு, அப்புறம் பிரிண்டரோடு சேருங்கள். வேலை முடிந்ததும் பழைய வைஃபைக்குத் திரும்ப மறக்க வேண்டாம்.

• ஆப்பை பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ மட்டும் எடுங்கள். போட்டவர் பெயர் பிரிண்டர் கம்பெனிதானா என்று பெயருக்குக் கீழே பாருங்கள். ஒரே மாதிரி ஐகானோடு விளம்பரமும் மாதச் சந்தாவும் சேர்த்து விற்கிற வேற்று ஆட்கள் தேடல் முடிவில் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

• ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியைத் திறந்துவிடுங்கள். பிரிண்டர் ஆப்பை முதன்முதலில் திறக்கும்போது கேட்கும். கேள்வியைப் படிக்காமல் மறுத்தவர்களுக்கு ஆப் உள்ளே பிரிண்டர் வரவே வராது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் ‘லோக்கல் நெட்வொர்க்’ பட்டியலில் அந்த ஆப்பை ஆன் செய்யுங்கள்.

• ஆண்ட்ராய்டில் பிரிண்டிங் சேவை ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸ் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேலே தேடல் கட்டத்தில் ‘பிரிண்டிங்’ என்று போட்டுவிடுங்கள்.

• விபிஎன் ஓடுகிறதென்றால் நிறுத்துங்கள். ஆபீஸ் வேலைக்காகப் போட்டு வைத்த விபிஎன், வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டரையும் போனின் கண்ணிலிருந்து மறைத்துவிடக்கூடும். பிரிண்ட் முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

• ஆண்ட்ராய்டில் பிரிண்ட் தட்டியதும் மேலே இருக்கும் பெயரைப் படியுங்கள். அங்கே பல சமயம் பிரிண்டர் பெயர் இருக்காது, ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ என்றுதான் இருக்கும். அதைக் கவனிக்காமல் தட்டிவிட்டு, பிரிண்டர் வாயருகே காத்திருப்பவர்கள் ஏராளம். தாள் வராது, போனில் ஒரு பிடிஎஃப் கூடும். அந்தப் பெயரைத் தட்டி, ‘ஆல் பிரிண்டர்ஸ்’ போய் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள்.

• பேப்பர் அளவை ஏ4 என்று வையுங்கள். சில ஆப்கள் அமெரிக்க ‘லெட்டர்’ அளவையே தாமாக எடுத்துக்கொள்ளும். ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் அகலத்தில் ஆறு மில்லிமீட்டர் அதிகம், உயரத்தில் பதினெட்டு குறைவு. விளைவு: ‘பேப்பர் பொருந்தவில்லை’ என்று பிரிண்டர் அடம் பிடிக்கும், இல்லையென்றால் ஓரத்தில் இருக்கிற வரி வெட்டுப்படும். வெட்டுப்படுவது பெரும்பாலும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிற இடமாகத்தான் இருக்கும்.

• எத்தனை பக்கம் என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். வில்லங்கச் சான்று இருபது பக்கம் இருக்கலாம், பேங்க் ஸ்டேட்மென்ட் நாற்பது போகலாம். வேண்டியது முதல் பக்கம் மட்டும் என்றால் பக்க எண்ணை அங்கேயே குறிப்பிடுங்கள். கலர் தேவையில்லாத இடத்தில் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ போடுங்கள்.

• ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அசல் பிடிஎஃப்பை எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வெறும் படம். ஏ4-க்கு இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து கரகரவென்று உடையும், கியூஆர் கோடும் பார்கோடும் ஸ்கேன் ஆகாமல் போகலாம்.

• போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். கல்யாணப் போட்டோவை அப்படிச் சுருக்கி எடுத்துப் பிரேம் போட்டால், மாலையில் பூ எது, ஜரிகை எது என்று தெரியாது.

• ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள். நேற்று வேலை செய்தது இன்று ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம்: கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் புது முகவரி கொடுத்திருக்கும், போன் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் ‘ஐபி ரிசர்வேஷன்’ மாதிரி ஒரு வசதி இருக்கும். கேபிள் இழுக்க வரும் பையனைக் கேட்டால் கையோடு செய்துகொடுப்பார்.

• பிரிண்டரின் அட்மின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். போன் பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியை அடித்தால் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும்; யாரும் அங்கே போவதில்லை, கம்பெனி போட்ட பாஸ்வேர்டே காலத்துக்கும் இருக்கும். 2025 ஜூனில் ராபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது: பிரதர் கம்பெனியின் நூற்றுக்கணக்கான மாடல்களில், சீரியல் எண் கிடைத்தால் போதும், அந்த முதல் பாஸ்வேர்டைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். தயாரித்து வெளியே வந்துவிட்ட இயந்திரங்களில் ஃபர்ம்வேர் அப்டேட்டால் இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. பாஸ்வேர்டை நீங்களே மாற்றினால்தான் உண்டு. பிரதர் வைத்திருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள், மற்றவர்கள் இரண்டாவது வேலையாக.

• பிரிண்டரின் சொந்தப் பட்டனால் அணையுங்கள், சுவர் சுவிட்சால் அல்ல. பட்டனை அழுத்தினால் பிரிண்ட் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொண்ட பிறகே அணையும். சுவிட்சைத் தட்டினால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும், மை காயும். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்கள். நம் ஊர் வெயிலில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த இங்க்ஜெட், அவசரத்துக்குக் கோடு கோடாகத்தான் அச்சடிக்கும்.

• பிரிண்டரை விற்கும்போதோ, எக்ஸ்சேஞ்சில் போடும்போதோ ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• வரவில்லையே என்று மறுபடி மறுபடி ‘பிரிண்ட்’ தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டும் வரிசையில் போய் நிற்கும். தொடர்பு திரும்ப வந்த நொடியில் ஒரே ஹால் டிக்கெட் ஏழு பிரதி கலரில் வந்து விழும். முதல் தட்டுக்கு அப்புறம் ஒரு நிமிடம் பொறுங்கள். ஆண்ட்ராய்டு நோட்டிபிகேஷனில் அந்த வேலை தெரியும், அங்கேயே ரத்து செய்யலாம். ஐபோனில் வேலை ஓடும்போது ஆப் மாற்றும் திரையில் ‘பிரிண்ட் சென்டர்’ வரும். ரத்து செய்துவிட்டு நெட்வொர்க்கைச் சரிபார்த்த பிறகு மறுபடி கொடுங்கள்.

• கூகுளில் தேடிக் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்குப் போன் போடாதீர்கள். இந்தப் பட்டியலில் பெரிய அளவில் பணம் போகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பார், யாராவது சரிசெய்தால் போதும் என்றிருப்பார். மோசடிக்காரருக்கு அந்த நிலைமைதான் வேண்டும். கம்பெனி லோகோவோடு ஒரு பக்கம் போட்டு, பெரிய எழுத்தில் எண்ணையும் போட்டு வைத்திருப்பார். பேச்சு மரியாதையாக இருக்கும். “டிரைவர் எக்ஸ்பயர் ஆயிடுச்சு மேடம், நான் இங்கிருந்தே பார்க்கிறேன்” என்று எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்வார். போட்டுக் குறியீட்டைச் சொன்ன கணத்திலிருந்து உங்கள் திரை அவர் திரை. ‘ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் பத்து ரூபாய்’ என்று யுபிஐயைத் திறக்க வைப்பார். நீங்கள் பின் அடிப்பதை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

டிரைவர் எக்ஸ்பயர் ஆகாது. பிரிண்டர் கம்பெனிக்கு உங்கள் போன் திரை பத்து ரூபாய்க்காகத் தேவைப்படாது. வாரன்ட்டி அட்டையிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால், போனை நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு வேறு போனில் 1930-க்கு அழையுங்கள், உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

• 2020-க்கு முந்திய யூடியூப் வீடியோவைப் பார்த்து செட்டப் செய்யாதீர்கள். அவற்றில் நிறைய ‘கூகுள் கிளவுட் பிரிண்ட்’டைக் கற்றுக்கொடுக்கும். அந்தச் சேவையை 2020 டிசம்பர் 31-ஓடு கூகுள் மூடிவிட்டது. இல்லாத பட்டனைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

• பிரிண்டரை ‘கெஸ்ட்’ வைஃபையில் போடாதீர்கள். விருந்தாளிக்கான அந்த வைஃபை, அதில் சேர்ந்திருப்பவர்களைச் சாதாரணமாக ஒருவரை ஒருவர் பார்க்க விடாது. நெட் வரும், பிரிண்டர் வராது. ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபைகளும் பெரும்பாலும் இப்படித்தான். அங்கே வைஃபை டைரக்ட்தான் கைகொடுக்கும்.

• ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று பூட்டாதீர்கள். பழைய பிரிண்டர்களுக்கு அந்தப் பூட்டு புரியாது. டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த அமைப்பு ரவுட்டரில் இருக்கும், அதை வையுங்கள்.

• வெளியூரிலிருந்து வீட்டுப் பிரிண்டரில் எடுக்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். 2018 நவம்பர் கடைசியில் ஒரு ஆள், இணையத்தில் அப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடித்து ஒரே துண்டறிக்கையை அனுப்பினார். அவரே சொன்ன கணக்கு 50,000 பிரிண்டர். பியூடிபை என்ற யூடியூபருக்கு ஆதரவு திரட்டும் அறிக்கை அது. அந்த யூடியூபரை முந்த அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது நம் ஊர் டி-சீரிஸ் சேனல். துண்டறிக்கையோடு போனது அதிர்ஷ்டம். வெளியிலிருந்து தேவை என்றால் பிரிண்டர் கம்பெனி தரும் மெயில் வசதியோ ஆப் வசதியோ உங்கள் மாடலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டில் இருப்பவருக்கு ஃபைலை அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதைவிடப் பத்திரமான வழி கிடையாது.

• வைஃபை டைரக்ட் பாஸ்வேர்டை 12345678 என்றே விட்டுவைக்காதீர்கள். சில மாடல்கள் இந்த எண்ணோடுதான் வருகின்றன. அபார்ட்மென்டில் அடுத்த வீட்டுப் பையன் முதலில் அடித்துப் பார்ப்பதும் இதைத்தான்.

• பிராட்பேண்ட் கம்பெனி மாறும்போது புது வைஃபைப் பெயரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். புது ரவுட்டருக்கும் பழைய பெயரையே, பழைய பாஸ்வேர்டையே எழுத்து மாறாமல் போடச் சொல்லுங்கள். பிரிண்டர், டிவி, கேமரா எல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் தாமே சேர்ந்துகொள்ளும். அந்தப் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும் என்றால் மட்டும் மாற்றுங்கள். மாற்றினால் பிரிண்டரையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

• பிரிண்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் செருகாதீர்கள். மைக்ரோவேவ் பக்கத்திலும் வேண்டாம், அது ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும்.

• பாஸ்போர்ட் அளவு போட்டோவுக்கு ‘ஃபிட் டு பேஜ்’ போடாதீர்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் என்று கச்சிதமாகச் செய்த படத்தை அது தாளுக்கேற்றபடி இழுத்துவிடும். அளவு 100 சதவீதம் என்று வைத்து, சாதாரணத் தாளில் ஒன்று எடுத்து ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகு போட்டோ பேப்பரை வையுங்கள்.

• லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டர் லைனிலோ மாட்டாதீர்கள். உருளை சூடேறும்போது அது சட்டென்று நிறைய கரண்ட் இழுக்கும், யுபிஎஸ் தாங்காது.

• ஆபீஸ் பொது பிரிண்டருக்குச் சம்பள விவரத்தைச் சும்மா அனுப்பாதீர்கள். நீங்கள் எழுந்து போவதற்குள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். பின் நம்பர் போட்டால்தான் அச்சடிக்கும் வசதி பெரிய இயந்திரங்களில் இருக்கும், ஐடி ஆளைக் கேளுங்கள்.

இனி ஜெராக்ஸ் கடை. வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்களுக்கு அதுதான் பிரிண்டர், அதனால் இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடைக்காரர்மேல் சந்தேகப்பட்டு அல்ல. அவர் கம்ப்யூட்டரில் ஒரு நாளில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது.

• கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் ஜிமெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறக்காதீர்கள். கூட்டத்தில் லாக் அவுட் மறந்துபோகும். ஏற்கெனவே திறந்திருந்தால், இப்போதே வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய், தெரியாத எதையும் நீக்குங்கள்.

• போனைக் கேபிளில் மாட்டிக் கொடுக்காதீர்கள். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால், திரையில் கேட்கும்போது ஃபைல் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் கேலரி முழுவதும் திறந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு ஃபைலை மட்டும் அனுப்புவது எவ்வளவோ மேல்.

• முழு ஆதாரை அனுப்பாதீர்கள், மாஸ்க்டு ஆதார் போதுமா என்று முதலில் கேளுங்கள். ஆதார் தளத்திலேயே டவுன்லோடு செய்யும்போது அதற்கு ஒரு டிக் கட்டம் உண்டு. முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருடம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம். உங்கள் பெயரும் வயதும் தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம்.

• வாட்ஸ்அப்பில் ‘டெலிட் ஃபார் எவ்ரிஒன்’ தட்டினால் முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். அது சாட்டிலிருந்துதான் போகும், அதுவும் அனுப்பி சுமார் இரண்டரை நாளுக்குள் செய்தால். கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் இறங்கிய ஃபைல் அங்கேயே கிடக்கும். “அண்ணா, டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் எடுத்துடுங்க” என்று சொல்லி, எடுக்கும்வரை நில்லுங்கள். முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அடுத்த முறை வேறு கடை.

• ஒரிஜினலைக் கண்ணாடிமேல் விட்டுவிட்டு வராதீர்கள். மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

• கோணலாக வந்தது, மங்கலாக வந்தது என்று ஒதுக்கிய தாளைக் கடையில் போட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் எண் அதிலும் தெளிவாகத்தான் இருக்கிறது. கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து கிழித்துப் போடுங்கள்.